மழை நாளில் நிறைந்த மங்கு

பத்தொன்பது வருடம் நாளிதழில் குற்றச்செய்தி எழுதினேன். சிரம்பான் கோர்ட்டு வராந்தாதான் என் ஆபீஸ். ஒருநாள், இனித் துப்பறியும் நாவல்தான் என்று வேலையை விட்டுவிட்டு வந்து நின்றேன். மனைவி சண்டை போடவில்லை, கெடு வைத்தாள். "ஒரு வருஷம் தரேன். அதுக்குள்ள புத்தகம் கையில வரல, பழையபடி வேலைக்குப் போயிடணும். அப்புறம் நாவல் கீவல்னு மூச்சு விடக்கூடாது லா." பழைய ஆபீஸில் இப்போது எனக்கு மேலே உட்கார்ந்திருப்பவன், நான் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த பயல். அவனிடம் போய்க் கைகட்டி நிற்பதா? செத்தாலும் மாட்டேன்.

முதல் பிரதி படு கேவலம். செய்தி எழுதிய கை, கொன்றது யார் என்பதை முதல் பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டது. வக்கீல் நோட்டீஸ் பயம் வேறு. எங்கே பார்த்தாலும் 'கொலை செய்ததாகக் கூறப்படும்'. பதிப்பாளர் போனில் கத்தினார். "ஐயா, அவனே ஆமா நான்தான் வெட்டுனேன்னு ஒத்துக்கிட்டான். அதுக்கப்புறமும் என்னாய்யா கூறப்படும்?"

திருத்தித் திருத்தி ஒன்பது மாதம் ஓடிவிட்டது. கதை இதுதான். ரப்பர் தோட்டத்து மேனேஜர் ஒருநாள் காலையில் கொலையாகிக் கிடக்கிறார். அதே தோட்டத்தில் வளர்ந்து, அக்கா படிக்கவைத்துப் பட்டணம் போய், லீவில் வந்திருந்த ஓர் இளைஞன்மேல் சந்தேகம். "அக்காவுக்குக் காய்ச்சல். அவ நிரையில நான்தான் மரம் வெட்டிக்கிட்டிருந்தேன். பாருங்க, மங்கு நிறையப் பால்" என்கிறான். மரம் வெட்டுவது என்றால் பட்டையைக் கீறிப் பால் வடிப்பது. மரத்தில் கட்டிய அந்தக் கிண்ணமெல்லாம் நிறைந்திருக்கிறது, போலீஸ் விட்டுவிடுகிறது. உண்மைக் கொலைகாரன் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. கிராணி சேற்றில் விட்ட காலடிதான் அவனைக் காட்டிக்கொடுக்கும். அதனால் அன்று விடியற்காலையிலிருந்தே அடைமழை என்று அடித்து ஊற்றியிருந்தேன்.

திங்கட்கிழமை பிரதியை அனுப்ப வேண்டும். ஞாயிறு காலை, பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று ரஹாங்கில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். போர்டிக்சன் பக்கத்துத் தோட்டத்தில் அவள் வருடக்கணக்காக மரம் வெட்டியவள். தோட்டம் செம்பனையாக மாறிய பிறகுதான் உளியைக் கீழே வைத்தாள். படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"டேய், இந்த மழையில எவன்டா மரம் வெட்டுனான்?"

"ஏன்க்கா?"

"பட்ட நனைஞ்சா பாலு கோட்டுல நிக்காம மரமெல்லாம் வழியும். மங்குல மழத்தண்ணிதான் இருக்கும். ஆள் கணக்கெடுக்குற பெரட்டுலயே மண்டோர் எல்லாரயும் வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கதைதானேக்கா! இதையெல்லாம் யாரு பாக்கப் போறா?"

"உன் புத்தகத்த வாங்கப்போறதே மரம் வெட்டுன சனந்தான் லா. வழிச்சுக்கிட்டுச் சிரிக்கும்."

மழையை எடுத்தால் சேறு போச்சு, சேறு போனால் கிராணி தப்பித்துவிடுவான். பழைய ஆபீஸ் பயலிடம் கைகட்டி நிற்கப் போகிறேன் என்பது உறுதியாகிவிட்டது.

"நீயும் தோட்டத்துலதானே பொறந்த? மழ பேஞ்சா நான் வூட்டுல இருப்பேனே, ஞாபகம் இல்ல?"

ஞாபகம் இருந்தது. மழைக் காலைகளில் அக்கா வாழைப்பழம் பொரித்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவாள். எனக்காகத்தான் வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அடப்பாவி! வேல இல்லாம உக்காந்திருந்தேன்டா!" நானும் சிரித்தேன். ஆனால் வெட்கமாக இருந்தது. என் படிப்பு முழுக்க அவள் வெட்டிய மரத்துப் பால். ஏன் இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தாளைப் பார்த்தாள். "அப்ப இந்தப் பயதான்டா கொன்னிருக்கான். மழ விட்டதும் ஆலையிலேருந்து நேத்துப் பால எடுத்தாந்து மங்குல ஊத்திட்டான். தோட்டத்துலயே வளந்தவன், ஆனா மழைக்கு வெட்டு இல்லன்னுகூடத் தெரியல. உன்ன மாதிரி."

சட்டென்று எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் தப்பு, அப்படியே கொலைகாரனின் தப்பாகிவிட்டது. கிராணியை விடுதலை செய்தேன். பதிப்பாளரிடம் தவணை வாங்கி, மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து பின்பாதியை மாற்றி எழுதினேன். இளைஞனைத் தூக்கில் ஏற்றிக் கதையை முடித்து, முதலில் அக்காவுக்குத்தான் கொடுத்தேன்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவனத் தூக்குல போடாதடா. ஜெயில்லயே வச்சிரு."

"கொலைகாரன்க்கா அவன்!"

"இருக்கட்டுமே. அந்த அக்காக்காரி இத்தன வருஷம் யாருக்காகடா மரம் வெட்டுனா?"

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது புத்தகம் வந்தது. அதில் யாரும் தூக்கில் தொங்கவில்லை.