ஓட்டுப் பிரிக்க நிறுத்தப்பட்டவள்

அந்தக் காலத்தில் கல்லூரியில் இரண்டே கட்சிதான். உணவகத்தின் ஜன்னலோர மேசைகள் முன்னணிக்கு, கதவுப் பக்கத்து மேசைகள் மன்றத்துக்கு. எந்தப் பக்கமும் சேராதவர்களுக்கு நடுவில் கால் ஆடும் மேசை ஒன்று உண்டு. புள்ளியியல் இரண்டாமாண்டு படித்த அவள் அங்கேதான் தேநீர் குடிப்பாள். அக்கா வீட்டில் தங்கிப் படித்தவள். ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். கொடிக்கும் கோஷத்துக்கும் நேரமில்லை. 'கணக்கு' என்றால்தான் எல்லாருக்கும் அவளைத் தெரியும்.

தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா செருகியிருக்கும் முன்னணிச் செயலாளர் அவளெதிரே வந்து உட்கார்ந்தான்.

"சிஸ்டர், தலைவர் பதவிக்கு நீங்க சுயேச்சையா நிக்கணும்."

"நானா? மேடை ஏறினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

"ஜெயிக்கவா சொல்றோம்? மன்றத்துக்காரன் நல்லாப் பாடுறான்னு பொண்ணுங்க ஓட்டெல்லாம் அங்க போகுது. நீங்க நின்னா ஒரு நூறாவது பிரியும். கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். தொல்லை விட்டால் போதுமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"படிக்க அனுப்பினா நாடாளப் போறியாடி?" என்று அக்கா பிடித்துக்கொண்டாள். அத்தான் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை. "தோக்கத்தானே நிக்கறா, விடு."

வேட்பாளருக்கு மூன்று நிமிடப் பேச்சு. செயலாளர் எழுதிக் கொடுத்த தாளில் உலக சமாதானம் இருந்தது. மேடையில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. தாளை மடித்தாள். முந்தின நாள்தான் நூலகர் மணியடித்து, பாதிக் கணக்கில் அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி வைத்திருந்தார்.

"அஞ்சு மணிக்கு மணி அடிச்சு நூலகத்துல இருந்து பொண்ணுங்களை மட்டும் வெளிய அனுப்பறாங்க. பசங்க எட்டு வரைக்கும் இருக்காங்க. ஒரே பாடம், ஒரே பரீட்சை. வருஷத்துக்கு எங்களுக்கு அறுநூறு மணி நேரம் குறையுது. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன்."

அவ்வளவுதான். வந்து உட்கார்ந்துவிட்டாள். அரங்கின் மாடியிலிருந்த பெண்கள் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். நிறுத்துவதற்குள் தலைமை வகித்த பேராசிரியருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

மன்றம் 412, அவள் 388, முன்னணி 371. வழக்கமாக முன்னணிக்கு விழும் அறிவியல் பிரிவு ஓட்டுகளை அவள் அள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டாவதாக வருபவர் துணைத் தலைவர் என்பது விதி. செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"எங்க ஓட்டையே பிரிச்சிட்டீங்களே!"

"பிரிக்கத்தானே சொன்னீங்க? யார் ஓட்டைன்னு சொல்லலையே."

ஒரு மாதம் அவன் அவளோடு பேசவில்லை. சொன்னபோது துடுக்காகத்தான் சொன்னாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், துணைத் தலைவரானதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தாள்.

பெண்களுக்கும் எட்டு மணி வரை நூலகம் வேண்டுமென்று இருநூற்று முப்பது கையெழுத்து சேர்த்து, தலைவனாகிவிட்ட மன்றத்துப் பாடகனையும் கூட்டிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனாள். அவன் நீட்டி முழக்க ஆரம்பித்ததும் முதல்வர் கையமர்த்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு?"

"உள்ள நூலகர் இருக்கார், வாசல்ல காவலாளி இருக்கார், சார். பசங்களுக்கு யார் பொறுப்போ, அவங்களேதான் எங்களுக்கும்."

முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழு மணி வரை, ஒரு பருவத்துக்கு மட்டும், பரீட்சார்த்தமாக என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள். அக்காவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால், அவளே செவ்வாயும் வியாழனும்தான் இருக்க முடிந்தது. அதற்கே அத்தானிடம் மூன்று நாள் மன்றாட வேண்டியிருந்தது. பரீட்சை நெருங்கியபோது பெண்கள் பக்கத்தில் நாற்காலி காலியில்லை. பருவம் முடிந்தும் அந்த உத்தரவைத் திரும்பப் பெற யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் இரண்டு கட்சியும் அவளைக் கூப்பிட்டன. இரண்டுக்கும் மாட்டேன் என்றாள். இரண்டாம் வகுப்பில் தேறி, வானிலை அலுவலகத்தில் சேர்ந்து, முப்பத்தோரு வருடம் மழையளவைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.