கண்ணம்மாள் சொல்லாத பெயர்

செம்பட்டிப் பக்கம் கண்ணம்மாள் அக்கா வீட்டுக்கு எப்போது போய், "அண்ணன் எங்கக்கா?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "மோட்டார் ரூம்ல." காலையில் போனாலும் அதுதான், சாயங்காலம் போனாலும் அதுதான். மும்முனை கரண்ட் எந்த நேரத்துக்கு வரும் என்று தெரியாததால் தோட்டத்திலேயே படுத்துக்கொள்கிறார் என்பாள். கரண்டை நம்பி வெள்ளாமை செய்கிறவர்கள் படும் பாடு தெரிந்ததுதானே என்று நானும் நம்பிவிட்டேன்.

நான் சபிஹா. திண்டுக்கல்காரி. பல்கலைக்கழகம் ஒன்று முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களுக்காக நடத்தும் நலத்திட்டத்தில் களப்பணியாளர். உளவியல் ஆராய்ச்சி செய்கிற சுகன்யா மேடம் பின்னால் வருவார், முன்னால் வீடு வீடாகப் போய்ப் பழகுவது என் வேலை. "ஊர் சுத்தி டீ குடிக்கிறதுக்குச் சம்பளமா?" என்று என் வீட்டுக்காரர் மன்சூர் கேட்பார். அவரும் ஒருநாள் என்னோடு அந்த வெயிலில் டவுன் பஸ்சில் வந்து பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம்.

முகாம் போட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். "எல்லாரும் நல்லா தூங்குறீங்களா?" என்று மேடம் மைக்கில் கேட்பார். "நல்லாத்தான் இருக்கோம்!" என்று ஆண்கள் அத்தனை பேரும் விறைப்பாகச் சொல்வார்கள். பின்வரிசையில் அவர்கள் மனைவிமார் தலையைக் குனிந்துகொள்வார்கள். மைக்கை விட்டுவிட்டு அந்தப் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தால்தான் ஏதாவது தெரியவரும். அப்படி உட்கார்ந்தபோது பழக்கமானவள்தான் கண்ணம்மாள் அக்கா.

கல்யாணமான அடுத்த மாதமே அவள் வீட்டுக்காரர் உடையப்பன் அண்ணன் பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். பெட்டியைத் திறந்து அடுக்கி முடிப்பதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும். சம்பங்கித் தோட்டத்தைப் பார்த்தது, மாமியாரைக் கடைசிவரை கவனித்தது, தீபாவைப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்தது எல்லாம் அக்காதான். அவர் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்த அன்று, இனி வீட்டில் ஆள் இருக்கும் என்று அக்கா புதிதாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டாளாம். அந்தக் கட்டிலில் அவர் ஒரு மாதம்கூடப் படுக்கவில்லை.

இது எனக்குத் தெரியவந்தது தீபாவின் தலைப்பிரசவத்தால். தீபாவை ஒட்டன்சத்திரத்தில் மோகன்குமாருக்குக் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதுதான் முறை. அண்ணனோ, "பிள்ளை அங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா போனில் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க சம்பந்தி, பெத்த பொண்ணுக்கு ஒரு தலைப்பிரசவம் பாக்க மனசில்லீங்களா? எங்க சனம் என்ன பேசும்?" கல் நெஞ்சுக்காரர், கஞ்சப் பிசினாறி என்று செம்பட்டிப் பக்கத்திலும் பேச்சு கிளம்பிவிட்டது.

விடிந்தும் விடியாத ஒரு காலையில் அக்காவோடு மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு பிடி பறிப்பதற்குள் அவள் கூடையே நிறைந்துவிடும். அன்று அவள் கை ஓடவில்லை. நான் கேட்காமலே இடது மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். லேசாகக் கோணியிருந்தது.

"வாய்க்கால்ல வழுக்கி விழுந்து ஒடிஞ்சதுன்னு ஊருக்குச் சொல்லியிருக்கேன் தாயி. அவரு வந்த புதுசு. காலையில தோளத் தொட்டு எழுப்புனேன். கண்ணு மூடித்தான் இருந்துச்சு. என் கையப் பிடிச்சு முறுக்கிட்டாரு. நான் போட்ட சத்தத்துலதான் முழிச்சாரு. முழிச்சுப் பாத்துட்டு அந்த மனுசன் அழுத அழுகை இருக்கே... அன்னிக்குப் பாயச் சுருட்டிட்டு மோட்டார் ரூமுக்குப் போனவருதான்."

"அவரு அங்கனயே படுத்துக்கட்டும்க்கா. தீபா வீட்டுக்குள்ள இருக்கட்டும். அதுல என்ன?"

"போன மாசம் கன்னுக்குட்டி கத்துச்சு. தூக்கத்துலயே எந்திரிச்சு வந்து தொழுவத்து வாசல்ல நிக்கிறாரு, கையில மம்பட்டியோட. நான் ஏங்க, ஏங்கன்னு கத்துறேன், காதுல ஏறல. செத்த நேரங் கழிச்சுத் தானா முழிச்சாரு. கன்னுக்குட்டிக்கே அப்பிடின்னா, பச்சப்புள்ள அழுதா? 'தூக்கத்துல என் கைக்கு ஆளு தெரியல கண்ணம்மா, புள்ளைய இங்க கூட்டியாராத'ங்கிறாரு. நான் யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. களப்பணியாளர் அழக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுத்தவர் அந்தத் தோட்டத்தில் நின்று பார்க்கவில்லை.

அக்காவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு சுகன்யா மேடத்திடம் சொன்னேன். மேடம் மறுநாளே வந்தார். அண்ணன் முதலில், "ஒண்ணுமில்ல மேடம், நல்லாருக்கேன்" என்றுதான் ஆரம்பித்தார். "நல்லாருக்கிற ஆளு மோட்டார் ரூம்லயா அண்ணே படுப்பாரு?" என்று கேட்டுவிட்டேன். மேடம் என்னை முறைத்தார். அண்ணன் மட்டும் சிரித்தார். அப்புறம் மெல்ல மெல்லப் பேசினார். எல்லையில் என்ன நடந்தது, பக்கத்தில் படுத்திருந்தவன் எப்படிப் போனான் என்பதையெல்லாம் அவர் சொன்னபோது நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அது அவரும் மேடமும் பேச வேண்டிய பேச்சு.

மதுரையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க மேடம் ஏற்பாடு செய்தார். மாத்திரையும் வாராவாரம் பேச்சும் தொடங்கின. அதோடு மேடம் வீட்டுக்குச் சில காரியங்கள் சொன்னார். மம்பட்டி, அரிவாள் எல்லாம் பூட்டி வைக்க வேண்டும். தீபா படுக்கிற அறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். முக்கியமாக, தூங்குகிறவரை யாரும் தொடக்கூடாது. வாசற்படியிலேயே நின்று குரல் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும்.

"எந்தக் குரலுக்கு சார் நீங்க சட்டுன்னு முழிப்பீங்க?" என்று மேடம் கேட்டார்.

"பேரு சொன்னா முழிச்சிருவேன் மேடம். பட்டாளத்துல அப்பிடித்தான எழுப்புவாங்க. உடையப்பான்னு ஒரு சத்தம் போதும்."

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அது மட்டும் என்னால ஏலாது."

"பேர்தானேம்மா?" என்றார் மேடம். சென்னையில் வளர்ந்தவர், அவருக்கு அது வெறும் பெயர். கல்யாண நாளிலிருந்து அக்கா அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. எங்கள் முகாமில்கூட, வீட்டுக்காரர் பெயரைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவளைக் காட்டி, "இவ சொல்லுவா" என்றாள். என் அம்மாவும் அப்படித்தான். அத்தா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும் அவள் அவர் பெயரைச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் மன்சூரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். அதனாலேயே அக்காவின் கஷ்டம் சின்னது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "அவ ஒரு தடவ என்னைய எழுப்பிக் காட்டட்டும். அதுக்கப்புறம் பிள்ளையக் கூட்டியாரலாம்." வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது.

பூத்தோட்டத்தில் நின்று அக்காவுக்குப் பாடம் எடுத்தேன். "சொல்லுங்கக்கா." உதட்டை அசைப்பாள், "உடை..." என்பாள், சிரித்துவிடுவாள். "ஆயுசு கொறஞ்சு போகும் தாயி" என்று அடுத்த நிமிஷமே கண் கலங்குவாள். அத்தனை வருஷம் எல்லையில் இருந்த மனிதனுக்கு ஒன்றும் ஆகாமல் தான் காத்தது அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்ததால்தான் என்று அவள் உள்ளூர நம்பினாள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய நான் யார்?

வளைகாப்புக்கு முந்திய வாரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் அந்தக் கட்டிலில் வந்து படுத்தார். பயந்து பயந்துதான் படுத்தார். மாத்திரை அசதியில் கண் அயர்ந்துவிட்டார். அக்கா அடுப்படியில் பாத்திரம் கழுவினாள். நான் வாசலில் உட்கார்ந்து பூக் கட்டுகிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் முனக ஆரம்பித்தார். விரல்கள் மடங்கின. கால் கட்டிலை உதைத்தது.

அக்கா ஓடி வந்தாள். பழக்கத்தில் அவள் கை அவர் தோளுக்கு நீண்டது. "அக்கா!" என்றேன். கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஏங்க." அவர் அசையவில்லை. "தீபா அப்பா." முனகல் கூடியது. யாரையோ இழுப்பதுபோல் இரண்டு கையும் காற்றில் தவித்தன. அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? நான் கூப்பிட்டு முழிக்க வைத்தால் ஆகாது, அவள் எழுப்பிக் காட்ட வேண்டும் என்பதுதானே அண்ணன் பேச்சு.

"உடையப்பா!"

அவளுக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. தொழுவத்தில் கன்றுக்குட்டி எழுந்து நின்றுவிட்டது.

அண்ணன் கண் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. சுவரைப் பார்த்தார், நிலைப்படியைப் பார்த்தார், அங்கே நின்றவளைப் பார்த்தார்.

"நீயா புள்ள கூப்பிட்ட?"

அக்கா தலையை ஆட்டினாள். அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "மாப்பிள்ளைக்குப் போனப் போடு. நான் பேசுறேன்" என்றார்.

தீபா வந்தாள். உரிய காலத்தில் ஆண்பிள்ளை பிறந்தான், அண்ணன் நிறம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில நாள் மனசு சரியில்லை என்று அண்ணன் தானாகவே மோட்டார் ரூமுக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில்தான் படுக்கை. காலையில் அக்கா நிலைப்படியில் நின்று பெயர் சொல்லி எழுப்புவாள்.

அது அடுத்த தோட்டம் வரை கேட்கும். பேரப்பிள்ளை எடுத்த வயதில் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே, பட்டாளத்துப் பென்ஷன் தந்த திமிர் என்று பெண்கள் பேசினார்கள். அக்கா காதில் விழுந்தது. காரணம் சொன்னால் அவர் தலை குனிய வேண்டிவரும் என்று வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

பிள்ளையைப் பார்க்க நான் போயிருந்த ஒரு காலையில் அடுத்த தோட்டத்து அம்மா பூக்கூடையோடு வந்து நின்றார். அக்கா உள்ளே இருந்தாள். வேண்டுமென்றே அவள் காதில் விழும்படிக் கேட்டார்.

"என்ன கொழுந்தனாரே, ஒங்க வீட்ல இப்ப பேரு சொல்லித்தான் கூப்புடுதாகளாம்ல?"

அண்ணன் பேரனை நெஞ்சோடு அணைத்து வெயில் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையின் தலைக்குக் கையை வாகாகக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான்தான் மதினி கூப்பிடச் சொன்னேன். தூக்கத்துல நான் இன்னும் சண்டையிலதான் கெடக்கேன். அவ கூப்பிட்டாத்தான் வீட்டுக்கு வந்து சேருறேன்."