சந்தனம் பூசிய பாட்டில்கள்

எங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்தின் வாசலை ஒட்டி இரண்டு தகர வாளிகள் எப்போதும் நிரம்பியே இருக்கும். திருப்பரங்குன்றம் போகிற சாலையில் இருந்த பெண்கள் மேல்நிலைப் பள்ளி அது. குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம். அந்தப் பஞ்சத்திலும் லேப் அட்டெண்டர் அண்ணன் முதல் வேலையாக அந்த வாளிகளை நிரப்பிவிடுவார். டிபன் பாக்ஸ் கழுவ ஒரு செம்பு மொள்ளப் போனால்கூட விடமாட்டார். "அது கழுவுற தண்ணி இல்ல டீச்சர், ஆபத்துக்கு வச்சிருக்கது" என்பார். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரியை விட்டு நேராக வேலைக்கு வந்திருந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், இவர் எனக்குச் சொல்வதா என்கிற மிதப்பும் இருந்தது. அதை ஒளிப்பானேன்.

ஆயுத பூஜை வந்தது. தராசு, பியூரெட் ஸ்டாண்டு, அடுப்பு எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "பாட்டிலுக்கு மட்டும் வேணாம் டீச்சர். ஒட்டுன பேப்பரு ஊறிப்போகும், மையி ஓடிரும். அலமாரிக்கு ஒரு பொட்டு வச்சாப் போதாதா?" என்றார். "சாமி காரியத்துல எதுக்குண்ணே இப்படிப் பேசுறீங்க?" என்று நான் சொன்னதும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆசிட் பாட்டில்கள் உட்பட ஒவ்வொன்றின் நெற்றியிலும் அப்பினார்கள். பாட்டிலுக்கு நெற்றி எது? பெயர் ஒட்டியிருக்கும் இடம்தானே.

விடுமுறை முடிந்து வந்து அலமாரியைத் திறந்தால் சந்தனம் காய்ந்து உதிர்ந்து கிடந்தது. அதோடு பாதிப் பெயர்களும் போயிருந்தன. "பேரு போனதை எல்லாம் கொட்டிட்டு, ஸ்டோர்லருந்து புதுசா எடுத்துக்கிருவோம் டீச்சர்" என்றார் அண்ணன். மறுநாள் செய்முறை வகுப்பு. புதிதாகக் கேட்டால் ஏன் என்று தலைமையாசிரியை விசாரிப்பார். அதெல்லாம் வேண்டாம் என்று நானே மூக்கை வைத்தும் நிறத்தைப் பார்த்தும் இருந்த இடத்தை வைத்தும் இன்னது என்று முடிவு செய்து, என் குண்டுக் கையெழுத்தில் புதுச் சீட்டுகள் எழுதி ஒட்டினேன். கந்தக அமிலத்தில் அடர்ந்ததும் நீர்த்ததும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் நிறமில்லை, வாசமில்லை. ஆனால் கையில் தூக்கினாலே அடர் அமிலம் கனக்கும், சாய்த்தால் எண்ணெய் மாதிரி மெதுவாக நகரும். நான் தூக்கிப் பார்க்கவில்லை. இடத்தை நம்பினேன். பூஜைக்காக எல்லாவற்றையும் இறக்கி ஏற்றியிருந்தார்கள் என்பதை மறந்துபோனேன்.

கப்பலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, அவள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள், நீர்த்த அமிலம் என்று நான் எழுதியிருந்த பாட்டிலை எடுத்து, உப்புக் கரைசல் இருந்த சோதனைக் குழாயில் ஊற்றினாள். அது கொதித்துப் பொங்கி அவள் முகத்தில் தெறித்தது. அந்த அலறலைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அண்ணன் அவளைத் தரையில் சாய்த்து, இறுக மூடிய இமைகளை விரலால் பிரித்து, வாளித் தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றினார். "கண்ணத் தொற தாயி, தொற தாயி" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். யாரோ விளக்கெண்ணெய் கொண்டு வந்தார்கள். "எண்ணெயும் வேணாம் ஒண்ணும் வேணாம், தண்ணி கொண்டாங்க" என்று கத்தினார். இரண்டு வாளியும் காலியாகிவிட்டன. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நான் மரம் மாதிரி நின்றிருந்தேன். "நிக்காதீங்க டீச்சர், தெருவுக்கு ஓடுங்க!"

ஓடினேன். தெருமுனை அடிகுழாயில் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். "பிள்ளைக்குக் கண்ணு போகுது, தண்ணி தாங்க" என்று கதறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவரை காத்துக் கிடந்து பிடித்த குடங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தார்கள். அந்தத் தண்ணீர் அத்தனையும் அவள் முகத்தில் ஊற்றிய பிறகுதான் அண்ணன் அவளை டாக்சியில் ஏற்ற விட்டார்.

இடது கண் பிழைத்தது. வலது கண் பிழைக்கவில்லை. நாலாம் நாள் அண்ணனும் நானும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல டீச்சர். இம்புட்டு சொல்லிக் குடுத்தும் பாத்து எடுக்கலையே இந்தக் கழுத" என்று அழுதார். கட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: "பாத்துத்தான் எடுத்தேன்னு நெனைக்கிறேன் டீச்சர். இல்லையோ என்னமோ."

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "நீ சரியாத்தான் எடுத்த தாயி. பாட்டில்ல பேரு மாறிக் கெடந்துச்சு" என்றார்.

"யாருண்ணே எழுதுனது?" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை, என் பெயரைச் சொல்லவுமில்லை. எனக்காக இடம் விட்டு நின்றார். "பூஜையில பேரெல்லாம் அழிஞ்சு போச்சும்மா" என்றேன் நான். சாமி குத்தமாக இருக்கும் என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பள்ளிகளில் ஆய்வுக்கூடப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். இப்போது பிள்ளைகள் பாதுகாப்புக் கண்ணாடி அணிகிறார்கள், அச்சடித்த சீட்டு ஒட்டிய பாட்டில்கள் வருகின்றன. பெயர் அழிந்ததைக் கொட்டிவிடுங்கள் என்று மேடையில் அழுத்திச் சொல்கிறேன். யார் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்பதை இதுவரை சொன்னதில்லை. அவள் என்ன ஆனாள் என்று விசாரிக்கவும் துணிவு வரவில்லை. தன்னைத் தானே நம்பாமல் ஒரு வாழ்நாளைக் கழித்தாளோ என்கிற நினைப்பு வந்தால் சோறு இறங்காது.

அன்று வார்டிலிருந்து வெளியே வந்ததும் அண்ணன் நின்றார். "அழிஞ்சது எப்படின்னா அந்தப் பிள்ள கேட்டுச்சு? எழுதுனது யாருன்னுல்ல கேட்டுச்சு" என்றார். பிறகு வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "நான் இங்கனயே இருக்கேன். போய்ச் சொல்லிட்டு வாங்க டீச்சர்."

வார்டு பத்தடி தூரம்தான். நான் அவரைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.