பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பியவர்கள்

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொடங்கியது இது. அப்போது நான் கண்டி நகரில் ஒரு தனியார் மருத்துவப் பரிசோதனை நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். இரத்தமோ சதைத்துண்டோ, எதைச் சோதித்தாலும் முடிவு ஒரே ஒரு சேர்வரில்தான் ஏறும். கவுண்டரில் இருக்கும் பெண்கள் பற்றுச்சீட்டு இலக்கத்தைத் தட்டித் தேடி, அறிக்கையை அச்சடித்துக் கொடுப்பார்கள்.

அந்தச் சேர்வரில் இருந்த தரவுத்தள மென்பொருள் அரதப் பழசு. சனம் நெருக்கியடிக்கும் காலை நேரமாகப் பார்த்து அப்படியே உறைந்து நின்றுவிடும். திட்டு வாங்குவது நான். அந்தக் கோளாறுக்குத் திருத்தம் புதிய பதிப்பில் வந்திருந்தது. மாதக்கணக்காக முதலாளியை நச்சரித்து, விடுமுறையில் நிலையம் மூடியிருக்கும்போது மாற்றிவிட அனுமதி வாங்கினேன்.

நானும் சும்மா பாயவில்லை. எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். அந்தப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, சரியாகத் திறக்கிறதா என்றும் பார்த்தேன். புதிய பதிப்பும் ஒழுங்காக ஏறியது. ஒரு வேலைதான் மிச்சம். ஒரு பெரிய புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு அட்டவணை இருக்குமே, அதுபோல தரவுத்தளத்துக்குள்ளும் ஒன்று உண்டு. இன்டெக்ஸ் என்போம். எழுத்தும் கோடும் கலந்த இலக்கங்களைப் புதிய பதிப்பு வேறு முறையில் வரிசைப்படுத்தும். ஆகவே பழைய இன்டெக்ஸை அழித்துப் புதிதாகக் கட்டிவிட்டுத்தான் ஆட்களைப் பாவிக்க விட வேண்டும் என்று குறிப்பில் தெளிவாகப் போட்டிருந்தது. அதற்கு அரை நாள் வேண்டும். ஆனால் நடுவில் மின்சாரம் போய் ஒரு பொழுது முழுக்க வீணாகிவிட்டது.

புத்தாண்டு முடிந்து வேலை தொடங்க ஒரு சுப நேரம் குறித்திருப்பார்கள், தெரியும்தானே. எங்கள் ஊரில் வங்கி, கடை, கந்தோர் எல்லாம் அந்த நேரத்துக்குத்தான் கை வைக்கும். நான் வேதக்காரன், கோயில் என்றால் எனக்குச் சர்ச்தான், நேரம் காலம் பார்க்கிறவன் இல்லை. ஆனால் முதலாளி குத்துவிளக்கு ஏற்றி, பால்சோறும் பலகாரமும் பரப்பி, அந்த நேரத்தில் முதல் அறிக்கையைத் தன் கையால் அச்சடிக்கக் காத்திருந்தார்.

"சேர், இன்னும் அரை நாள் வேணும்" என்றேன்.

"நேரம் தப்பக் கூடாது தம்பி. இப்ப தொறந்து விடு. மிச்சத்த ஒரு ஞாயிறு பாத்துக்கலாம்" என்றார்.

திறந்தேன். அறிக்கை அழகாக வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் பால்சோறு சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஞாயிறு வரவே இல்லை. நான் கேட்கும்போதெல்லாம் ஆள் குறைவு, கூட்டம் அதிகம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார். சேர்வரும் உறைந்து நிற்கவில்லையா, அவருக்கு அவசரம் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் காலை கவுண்டரில் பெரிய சத்தம். எட்டிப் பார்த்தேன். கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்து மனிதர் ஒருவர், பற்றுச்சீட்டைக் கண்ணாடியில் அறைந்து கத்திக்கொண்டிருந்தார்.

"மூணாவது வாட்டி வந்திருக்கேன்! இங்க வந்தா கலஹாவுல கேளுங்கிறீங்க. அங்க போனா கண்டிக்குப் போங்கிறாங்க. நான் என்ன பந்தா, அங்கிட்டும் இங்கிட்டும் ஒதைக்கிறதுக்கு?"

அவர் மனைவிக்கு மார்பில் கட்டி. கலஹாவில் இருந்த எங்கள் சேகரிப்பு நிலையம் வழியாகச் சதைத்துண்டு வந்திருக்கிறது. கவுண்டரில் இருந்த பிள்ளை தட்டிப் பார்த்தால் 'பதிவு இல்லை' என்று வருகிறது. வெளி நிலையங்களிலிருந்து வரும் மாதிரிகள் எப்போதாவது வழியில் தவறுவது உண்டு. அதனால் "கலஹா சாம்பிள்தானே, வந்திருக்காது" என்று சொல்லி அனுப்பிவிடுவது அவர்களுக்கு வாடிக்கையாகியிருந்தது. எனக்கும் அந்த மனிதர் மேல் எரிச்சல்தான் வந்தது. சத்தத்தை அடக்கலாம் என்றுதான் போனேன்.

பற்றுச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். இலக்கத்தின் நடுவில் ஒரு சிறு கோடு. வெளி நிலையங்களின் இலக்கங்களில் மட்டும்தான் அந்தக் கோடு இருக்கும். கட்டாமல் விட்ட இன்டெக்ஸ் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடிப் போய், இலக்கத்தால் தேடாமல் பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இருந்தது. புத்தாண்டு விடுமுறைக்கு முன்னமே ஏறிவிட்ட அறிக்கை. புற்றுநோய் என்று போட்டிருந்தது.

அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"என்னா போட்டிருக்கு சார்?"

"அண்ணே, வீட்டுக்குப் போய் அவங்களக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கின்னு வைக்காதீங்க."

என் முகத்தையே பார்த்தார். இவ்வளவு நேரம் அப்படிக் கத்திய மனிதர், தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் யாரையும் கேட்காமல் கவுண்டரை மூடச் சொல்லி, அன்றே இன்டெக்ஸைக் கட்டினேன். முதலாளி குதி குதியென்று குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு எந்த இலக்கத்தைத் தட்டினாலும் அறிக்கை வந்து நின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தத் தோட்டத்து மனிதர் மறுபடி வந்தார். என்னைத்தான் கேட்டாராம். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"சம்சாரம் போயிருச்சு சார். போன மாசம். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

அந்தச் சில வாரங்கள் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், சத்தியமாக. அவர் சத்தமே போடாமல் கேட்டார்.

"நான் கத்தினேன், கெடச்சிச்சு. கத்தத் தெரியாம திரும்பிப் போனவங்களயெல்லாம் பாத்தீங்களா சார்?"

பார்க்கவில்லை. அந்த எண்ணமே எனக்கு வந்திருக்கவில்லை. சேர்வரைச் சரிசெய்தேன், அவ்வளவுதான். கொடுத்த அறிக்கைகள் எல்லாம் அதில் பதிவாகியிருந்தன. தேடிக் கிடைக்காமல் திருப்பி அனுப்பியவர்களைப் பற்றி அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. அன்றைக்கே யாரும் வாங்கிப் போகாமல் கிடந்த வெளி நிலைய அறிக்கைகளை எல்லாம் எடுத்துவைத்து, தெல்தெனிய, கலஹா என்று ஊர் ஊராக ஒவ்வொரு தொலைபேசி இலக்கத்துக்கும் அடித்தேன். "வீண் வம்பை விலைக்கு வாங்காதே" என்றார் முதலாளி. சிலர் வந்து வாங்கிப் போனார்கள். சில இலக்கங்கள் பாவனையில் இல்லை. சில அடித்துக்கொண்டே இருந்தன, யாரும் எடுக்கவில்லை.

இன்று வேறு இடத்தில் இதே வேலைதான் செய்கிறேன். இப்போதெல்லாம் எந்த மேம்படுத்தலையும் முடிக்க முன்னர், ஒவ்வொரு கிளையின் பழைய பதிவுகளையும் நானே ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் விடுகிறேன். ஆனாலும் அன்று எடுக்கப்படாமல் போன அந்த அழைப்புகளுக்குப் பின்னால் யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்பதை மட்டும் எங்கே தேடினாலும் இனி எனக்குத் தெரியப்போவதில்லை.