கண்ணை மூடாத சவாசனம்

தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் வேலை பார்த்தவர் ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அவருக்கும் எனக்கும் ஒரே வயது, முப்பத்தெட்டு. எண்பதுகளின் கடைசி அது. அதன்பிறகு பஸ்ஸில் நின்றாலும், ஆவடி குவார்ட்டர்ஸில் பேப்பர் படித்தாலும் என் விரல் மணிக்கட்டில் நாடியைத் தேடிக்கொண்டே இருக்கும். ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர், இதயத்தில் ஒன்றுமில்லை, யோகா கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

கொரட்டூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிறு காலை வகுப்பு. குனிவதும் வளைவதும் சிரமமாக இல்லை. கடைசியில் மல்லாந்து படுக்கிற சவாசனத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கால்விரல்கள் தளர்கின்றன, முழங்கால்கள் தளர்கின்றன என்று மாஸ்டர் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். இடுப்புக்கு வந்தபோது எனக்குக் கால்கள் இருப்பதே தெரியவில்லை. அசைத்துப் பார்க்கவும் பயம். அசையாவிட்டால்? அந்தப் பக்கத்து மெஷின்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ என்று நினைத்ததும் மூச்சு அடைத்தது. எழுந்து வெறுங்காலோடு வெளியே ஓடினேன்.

பின்னாலேயே ஓர் அம்மாள் வந்தார். ஸ்டேஷன் பக்கம் பூ விற்பவர். முதுகுவலிக்காக வகுப்பில் சேர்ந்திருந்தார். நெஞ்சுவலியா என்று கேட்டார். இல்லை, படுத்தால் செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மனைவியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

அவர் ஹால் படியில் உட்கார்ந்தார். பிறகு, "எனக்கும் பயந்தான் சார். எங்க ஊட்டுக்காரர் போனப்போ அவரையும் இப்டித்தான் படுக்க வெச்சாங்க. அதான் நான் கண்ண மூடுறதே இல்ல. ஃபேனைப் பாத்துகினே படுத்துனு கீறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் பாய்க்குப் பக்கத்தில் என் ஜமக்காளத்தை விரித்தேன். ஹால் முழுக்கக் கண்ணை மூடிக் கிடக்க, நாங்கள் இருவர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் கவனித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். இப்படியே நாலைந்து மாதம் போனது.

ஒருநாள் யாரோ தோளைத் தட்ட, திடுக்கிட்டு விழித்தேன். எங்கே இருக்கிறேன் என்று புரியவில்லை, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"கொறட்ட வுட்டீங்க சார்" என்றார் அந்த அம்மாள். என்னைப் பார்த்துத் தானும் கண்ணை மூடிப் பார்த்தாராம். பத்து எண்ணுவதற்குள் திறந்துவிட்டாராம்.

ஆவடிக்கு ரயிலில் வரும்போது உடம்பு லேசாக இருந்தது. ஆனால் அப்படியே எழாமல் போயிருந்தால் என்ற நினைப்பு அம்பத்தூர் தாண்டியும் விடவில்லை. வகுப்பை மட்டும் நான் நிறுத்தவில்லை.