தனகோடியின் பாகல் பந்தல்

ஆரணியில் நாங்கள் இருந்த தெரு முழுக்கப் பட்டுத் தறிதான். எதிர்வீட்டுத் தனகோடிக்கும் அதே பிழைப்பு. வீடு என்ன பெரிய வீடு, தறி போக மிச்சமிருந்த இடத்தில்தான் அவளும் புருஷன் ஜெயவேலும் மூன்று பிள்ளைகளும் படுத்தார்கள். எண்பத்து மூன்றில் காய்கறி விலை எகிறியபோது, வாசல் சுவரோரம் இருந்த ஒரு முழ மண்ணில் பாகல் விதை ஊன்றினாள்.

படர இடமில்லை, ஏறத்தான் வேண்டும். இரண்டு சவுக்குக் கழியை நட்டு, நடுவில் பருத்திக் கயிற்றை, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினாள். தறிக்காரி கை, வேறெப்படிக் கட்டும்? முதல் மழையில் கயிறு நனைந்து சுருங்கி, இரண்டு கழியும் உள்பக்கம் சாய்ந்துவிட்டன. தெருவே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, அவிழ்த்துத் தொய்வு விட்டுக் கட்டினாள்.

கொடி கூரையைத் தொட்டது. தினமும் அவள் வீட்டுக் குழம்பு அதில்தான். எங்களுக்கும் தன் பக்கத்து வீட்டுச் சிவப்பிரகாசத்துக்கும் அவளே காய் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கித் தின்ற அந்தச் சிவப்பிரகாசம்தான், தெருவில் விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற தன் பாவின் மேல் பந்தல் நிழல் விழுகிறது என்று ஆரம்பித்தார். அதே இடத்தில், அவருக்கு நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளியின் ஸ்கூட்டர் நாள் முழுக்க நிற்கும். அதற்கு நிழலே கிடையாதா? அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் தனகோடி நெய்த சேலையைக் கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கொடி அடியோடு அறுபட்டுக் கிடந்தது. சிவப்பிரகாசம் மறைக்கவும் இல்லை.

"நெழல்ல கஞ்சி காயலக்கா. பாவு வீணாப் போனா முதலாளிக்கு நானா பதில் சொல்றது? அதான் அறுத்துட்டேன்."

அவள் அறுந்த கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வாரமே அவர் பாவு விரித்தார். எங்கள் தெருவில் யார் பாவு விரித்தாலும் வீட்டுக்கு ஒருவர் போய்க் கை கொடுக்க வேண்டும். கூலியும் இல்லை, அழைப்பும் இல்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் தனகோடி போனாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாவில் இழைகள் அங்கங்கே அறுந்திருந்தன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து முடிந்துகொண்டே போனாள். கடைசி இழையை முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"உன் பாவுல ஒரு இழை அறுந்து கெடந்தா எனக்கு மனசு கேக்கல தம்பி. காயும் பூவுமா இருந்த கொடிய அறுக்க உனக்கு எப்பிடிப்பா கை வந்துச்சு?"

சிவப்பிரகாசம் கஞ்சிக் கையோடு நின்றார்.