வலிப்பு என்று சொன்ன வியாதி

அப்போது வேப்பம்பட்டில் குடியிருந்தோம். என் கணவர் ரயிலேறிப் போய் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிவந்தார். மதுவிலக்கு இருந்த காலம். வேலை முடிந்து வரும் வழியில், சவுக்குத் தோப்பில் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சாராயத்தைக் குடித்துவிட்டு வருவார். போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். கோர்ட்டிலிருந்து அழைத்து வருவோம். அன்றைக்கே தோப்புக்குப் போய்விடுவார்.

ஒரு தை மாதம் அவராகவே குடியை நிறுத்தினார். சில நாளில் கை நடுங்கியது. சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்றார். பிறகு கீழே விழுந்து கைகால் உதறிக்கொண்டது. வண்டி கட்டித் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"நீ வாயத் தொறக்காத. வலிப்புன்னு நான் சொல்லிக்கிறேன். குடின்னு தெரிஞ்சா போலீசு புடிச்சிக்கினு பூடும். அப்பறம் உன் நாத்தனாள எவன் கட்டிக்கினு போவான்?"

வலிப்புக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி குடிக்கத் தொடங்கினார்.

பிறகு அரசாங்கமே சாராயக் கடைகளைத் திறந்தது. கோயிலுக்குப் போகும் வழியிலேயே ஒன்று வந்தது. பட்டப்பகலில் அவர் அங்கே உட்கார்ந்திருப்பதை ஊரே பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தாண்டிப் போவேன்.

இன்னொரு தடவை நிறுத்திப் பார்த்தார். அதேபோல விழுந்தார். அதே ஆஸ்பத்திரி. ஒரு பெண் டாக்டர் விசாரித்தார். மாமியார் வலிப்பு என்று ஆரம்பித்தார். கட்டிலில் கிடந்தவர் குறுக்கே பேசினார்.

"வலிப்பு இல்ல டாக்டரம்மா. சாராயம். வுட்டா இப்டி ஆவுது."

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பு கூசியது. டாக்டர் மட்டும், இருமல் எத்தனை நாளாக என்று கேட்பதுபோல, "எத்தனை வருஷமா?" என்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "இதுவும் ஒரு வியாதிதாம்மா. சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்."

தேறி வந்தார். வாராவாரம் அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தார். நன்றாகச் சாப்பிட்டார். ஒழுங்காக வேலைக்குப் போனார்.

அந்த டாக்டருக்கு மாற்றலாகிவிட்டது. அதே சமயம் கடைகளையும் மூடினார்கள். புதிதாக வந்த டாக்டர், "அதான் மதுவிலக்கு வந்தாச்சே, இன்னும் என்ன குடி?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மறுபடி தோப்புக்குப் போனார். அங்கே ஒருநாள் வார்னிஷ் கலந்து கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை வெயில் அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. "இன்னாமே, இன்னும் விடியலியா?" என்று கேட்டார்.

பார்வை திரும்பவே இல்லை. பட்டறையில் தீப்பொறி பட்டுவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னோம்.

கடை திறந்திருந்தால் குடிக்காமல் இருந்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணாவது இருந்திருக்கும். அவரை நோயாளியாகப் பார்த்த ஒரே இடம் அந்த வார்டுதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குடிகாரன் பெண்டாட்டி நியாயம் பேச வந்துவிட்டாள் என்பார்களே என்று வெட்கம்.